ஆறுக்கு ஆறு என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு

நெல்லை மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கும், பள்ளிக் கண் பரிசோதனைக்கு வரும் குழுவினருக்கும், அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மாவட்டத்தில் 31 வருஷம் ஆசிரியையாக வேலை பார்த்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். ஆங்கில 'E' எழுத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்ட கண் பரிசோதனை அட்டையான ஈ சார்ட் எனக்குப் புதிதில்லை. வராந்தாவின் ஒரு முனையில் சாக்பீஸால் கோடு கிழித்து, இருபது அடி அளந்து, சுவரில் ஆணியடித்து மாட்டியது என் கைதான். "ஒரு கண்ணப் பொத்துலே. கோடு எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு? கையால காட்டு." ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இரண்டு வகுப்பை முடித்துவிடுவோம். 6/6, 6/6, 6/9, 6/6. 6/6 என்றால் பார்வை சரி, கீழே உள்ள எண் கூடக்கூடப் பார்வை குறைவு. கரும்பலகை மங்கலாகத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த அட்டையால் கண்ணாடி கிடைத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதில் 6/6 வாங்கியும் பார்வையில் தடுமாறுகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

என் பேரன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பள்ளியிலும் முகாம் நடந்தது. இரண்டு கண்ணும் 6/6. அட்டையில் பச்சை மையில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நான் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன். என்னோடு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், இரண்டு ஆட்டோ, ஒரு ஐஸ் வண்டி. பேரன் பையை மாட்டிக்கொண்டு வந்து கேட்டுக்குள்ளேயே நிற்கிறான். எனக்கும் அவனுக்கும் பதினைந்து அடிகூட இருக்காது. என்னைப் பார்க்கிறான், பார்வை என்னைத் தாண்டிப் போகிறது. திரும்பி வருகிறது. மறுபடியும் தாண்டிப் போகிறது. முகம் அழுகைக்குக் கோணத் தொடங்கிவிட்டது.

"ஏலே, இங்கன நிக்கேம்லா!"

குரல் கேட்டதும் அம்பு மாதிரி நேராக வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். "ஆச்சி, நீ எங்க போயிருந்த?" என்று என்னையே கேட்டான். பையின் மேல் ஜிப்பில் அந்த 6/6 அட்டை செருகியிருந்தது.

இது முதல் தடவை இல்லை. வீட்டில் ஒரு பத்தமடைப் பாய் கிடக்கிறது, ஓரத்தில் சிவப்புக் கரை ஓடும். அந்தக் கரையிடம் வந்ததும் நின்று கால் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பான். படி என்று நினைக்கிறான். ஆனால் ஆற்றுப் படித்துறையில், உண்மையான படி இருக்கிற இடத்தில், நிற்கவே மாட்டான். சமதரையில் நடக்கிற மாதிரிக் காலை வைத்து இரண்டு தடவை உருண்டிருக்கிறான். கோடு அவனுக்குப் படியாகத் தெரிகிறது, படி கோடாகத் தெரிகிறது. பளபளக்கிற எவர்சில்வர் தட்டில் இட்லி வைத்தால் பாதியை விட்டுவிட்டு "முடிச்சிட்டேன்" என்பான். வாழையிலையில் வைத்தால் ஒரு பருக்கை மிஞ்சாது. இலைக்காகத்தான் சாப்பிடுகிறான் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதிக்குக் கூட்டிப்போனால் தேரைப் பார்க்க மாட்டான். காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க மயினி" என்று என் நாத்தனார் சொன்னாள். கவனம் பத்தாது என்றார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டோம். கயிறும் கட்டினோம்.

அவன் முப்பதாவது வாரத்தில் பிறந்தவன். மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே சோதித்தார்கள். விழித்திரை சுத்தமாக இருந்தது. ஆக, பிறந்தபோதும் கண் நன்றாக இருந்தது, ஏழு வயதிலும் நன்றாக இருக்கிறது. இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கண்ணில் இல்லை.

நாம் அறிவியல் பாடத்தில் கண் படம் போடுவோமே, நினைத்துப் பாருங்கள். கருவிழி, லென்ஸ், விழித்திரை, தலைகீழ் பிம்பம், பின்னால் பார்வை நரம்பு. நரம்பின் முனையில் ஓர் அம்புக்குறி போட்டு 'மூளைக்கு' என்று எழுதி முடித்துவிடுவோம். பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். நானும் எத்தனையோ வருஷம் அப்படியே முடித்தேன். அந்த அம்புக்குறிக்கு அப்புறம் உள்ள இடத்தில்தான் என் பேரன் தடுக்கி விழுகிறான்.

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் 12 கோடிக்கு மேல் இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகளோ கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம்தான். அதாவது கண்ணே பாதி வேலையைச் சுருக்கி எழுதித்தான் அனுப்புகிறது. மீதியை மூளை விரித்து எழுதிக்கொள்கிறது. நம்பாவிட்டால் இப்போதே ஒரு தாளை எடுங்கள். இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. வலது பக்கம் தள்ளி ஒரு கோலப்புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியையே பாருங்கள். தாளை மெதுவாக முகத்துப் பக்கம் கொண்டுவந்தால், ஓர் அடி தூரம் வரும்போது புள்ளி காணாமல் போய்விடும். பார்வை நரம்பு வெளியேறுகிற அந்த இடத்தில் ஒளி வாங்கும் செல்லே இல்லை. ஆனால் அங்கே ஓட்டை தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள் தெரிகிறது. புள்ளியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பாருங்கள்: புள்ளி மறையும், கோடு மட்டும் அறுபடாமல் ஓடும். அந்தக் கோட்டுத் துண்டைப் போட்டது கண் இல்லை. மார்கழி வாசலில் விட்டுப்போன இழையைச் சேர்த்துவிடுகிற பக்கத்து வீட்டு அக்கா மாதிரி மூளை போட்டுவிட்டது.

இன்னொன்று. இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் வழியில் பாதி பாதியாகப் பிரிந்து இடம் மாறுகின்றன. நமக்கு இடப்பக்கம் இருக்கிற காட்சி, எந்தக் கண்ணால் பார்த்தாலும், மூளையின் வலப்பக்கத்துக்குப் போகிறது. வலப்பக்கக் காட்சி இடப்பக்கத்துக்கு. போய்ச் சேருகிற இடம் தலையின் பின்புறம், பிடரிக்கு மேலே. இதை வரைபடம் மாதிரி முதலில் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் தாட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். 1904-05 ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டு துளைத்துப் போன வீரர்களுக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது, எவ்வளவு பென்ஷன் தரலாம் என்று மதிப்பிடுவது அவர் வேலை. கண் முழுசாக இருக்கிறது, பார்வையில் மட்டும் ஒரு பகுதி இல்லை. குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து, மூளையின் எந்தப் பகுதி போனால் காட்சியின் எந்தப் பகுதி போகிறது என்று கணக்கிட்டு 1909-இல் வெளியிட்டார். ஓர் அரசாங்கக் குமாஸ்தா வேலையிலிருந்து பிறந்த அறிவியல் இது. படிவம் நிரப்புகிற நமக்கெல்லாம் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

பிடரியோடும் முடியவில்லை. அங்கிருந்து இரண்டு பாதை பிரிகிறது. காதுப் பக்கமாகக் கீழே போகிற பாதை 'இது என்ன, இது யார்' என்று சொல்லும். உச்சிப் பக்கமாக மேலே போகிற பாதை 'எங்கே இருக்கிறது, கையை எப்படி நீட்ட வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும்' என்று சொல்லும். இத்தனை பொருளில் எதைப் பார்ப்பது என்று பொறுக்கி எடுப்பதிலும் இந்த மேல் பாதைக்குப் பெரிய பங்கு. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு மூளையின் நீர்ப்பைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதி ரத்த ஓட்டம் குறைந்து சேதப்படுவது உண்டு. பார்வை இழைகளில் அந்தப் பைகளை ஒட்டிப் போவது கீழ்ப்பக்கக் காட்சியைச் சுமக்கிற இழைகள். அதனால்தான் படி தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி இதை எங்களுக்குச் சொன்ன டாக்டரம்மா, கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்: "அவன் பொய் சொல்லல, சேட்டையும் பண்ணல. நீங்க நின்ன இடம் அவன் கண்ணுல விழுந்துச்சு. மூளையால உங்கள மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்க முடியல." மூளைவழிப் பார்வைக் குறைபாடு என்று சீட்டில் எழுதினார். சி.வி.ஐ. என்பார்கள்.

பணக்கார நாடுகளில் பிள்ளைகளின் பார்வைக் குறைவுக்கு இன்று முதல் காரணம் இதுதான். குறைமாதம் மட்டும் காரணமில்லை. பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறிய பிள்ளை, முதல் நாட்களில் பால் போதாமல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிய பிள்ளை, மூளைக் காய்ச்சலும் வலிப்பும் வந்த பிள்ளை என்று எல்லாருக்கும் இது வரலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் வந்த பிறகு, என் காலத்தில் பிழைக்காமல் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இன்று பிழைத்து, வளர்ந்து, உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. சந்தோஷம்தான். அவர்களைச் சோதிக்கிற அட்டை மட்டும் மாறவில்லை. ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர் தம் எழுத்து அட்டையை வெளியிட்டது 1862-இல். ஆறு மீட்டரில் நின்று ஒன்பது மில்லிமீட்டர் உயர எழுத்தைப் பிரித்தறிய முடிந்தால் 6/6. கண்ணின் கூர்மையை அளக்க இன்றைக்கும் நல்ல அளவுதான். நடுப்பார்வை, அதுவும் கையை நீட்டினால் கட்டைவிரல் அகலம் மறைக்கிற அளவு இடம், எவ்வளவு கூர் என்று சொல்லும். சுற்றியுள்ளதைப் பற்றி அது வாயே திறக்காது.

நம் பரிசோதனையில் ஒரு வினோதம் இருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்த, பல இடங்களில் ஒற்றை ஈ எழுத்தைத் தனியாக அட்டையில் பிடித்துக் காட்டுகிறோம். சுற்றிலும் வேறு எழுத்து இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கும், 'சோம்பல் கண்' (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பழகாமல் விட்டது) என்கிற பிள்ளைகளுக்கும் நெரிசல்தான் சிரமம். தனி எழுத்தைப் படித்துவிடுவார்கள், வரிசையில் வைத்தால் தடுமாறுவார்கள். ஆக, எந்தக் குறையைப் பிடிக்க வேண்டுமோ அதை ஒளித்துவைக்கிற மாதிரியே நாம் அட்டையைப் பிடிக்கிறோம். என் பேரன் தனியாக எழுதிய 'ண'வை வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து படிப்பான். பாடப்புத்தகத்தில் 'கண்ணன் மண்ணில் விளையாடினான்' என்ற வரியில் இரண்டு 'ண்' தாண்டுவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுவான்.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் வலது பாதியை மட்டும் எழுதுவான். 'தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது' என்று நான் எழுதினால் அவன் நோட்டில் 'மலையில் பிறக்கிறது' மட்டும் இருக்கும். எது பிறக்கிறது என்று கேட்டு, ஸ்கேலால் கை முட்டியில் அடித்தேன். வகுப்பே சிரித்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தவன் என்று அவன் அம்மா பீடித் தட்டோடு வந்து சொன்னபோது, "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம், கண்ணு நல்லாத்தான இருக்கு" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். 6/6. இடது பாதிக் காட்சி போனவர்களுக்கும் 6/6 வரும். நேரே பார்க்கிற நடுப்புள்ளி நன்றாக இருந்தால் போதும். ஒரு கண்ணைப் பொத்தினாலும் தெரியாது, இரண்டு கண்ணிலும் அதே பாதிதானே போயிருக்கிறது. அவனுக்கு அதுதானா என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான். எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் விரலை ஆட்டி "எந்தப் பக்கம் ஆடுது?" என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும். அந்த அரை நிமிஷம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தின் கதையும் இதேதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபார்வை என்பதை இரண்டு அளவால் சொல்கிறது: நல்ல கண்ணிலும் பார்வை 6/18-க்கு மேல் போகாதது, அல்லது பார்வைப் புலம், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரிகிற பரப்பு, 40 டிகிரிக்குள் சுருங்கியது. கூட்டத்தில் ஆச்சியைத் தேட முடியாததற்கு அங்கே அலகு இல்லை. அது டெல்லி விஷயம், உங்கள் கையில் இல்லை என்று தெரியும். பள்ளிப் பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கிறது.

கிளாஸ்கோவில் கண் மருத்துவராக இருந்த கார்டன் டட்டன் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல வருஷம் பார்த்து, பெற்றோரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தொகுத்து வைத்திருக்கிறார். கருவி கிடையாது, கரண்டு வேண்டாம். படி இறங்கும்போது தடுமாறுகிறானா, தரையில் கோட்டைக் கண்டால் காலால் தடவுகிறானா? குவியலாகக் கிடக்கிற சாமான்களுக்குள் தன் பென்சிலைத் தேடி எடுக்க முடிகிறதா? கூட்டத்தில் தெரிந்த முகத்தை விட்டுவிடுகிறானா? சந்தை, திருவிழா என்றால் அழுது அடம் பிடிக்கிறானா? பிறந்தபோது ஏதாவது சிக்கல் இருந்ததா? கண் பரிசோதனை அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று அங்கே எழுதுங்கள். ஒற்றை ஈயோடு வரிசை ஈயையும் காட்டுங்கள். விரலை ஆட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று 'ஆம்' வந்தால் 6/6 என்று எழுதினாலும் மேலே அனுப்புங்கள். குழந்தைகள் கண் மருத்துவரும் நரம்பு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய பிள்ளை என்று ஒரு வரி போதும். கேள்விக்கு 'ஆம்' வந்துவிட்டாலே நோய் என்று அர்த்தமில்லை. அதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டோம் என்று சொல்வீர்கள். முன் பெஞ்ச் தூரத்துக்கு மருந்து, நெரிசலுக்கு மருந்தில்லை. என் பேரனின் இப்போதைய டீச்சர் சின்னப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். கணக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டுதான். அவன் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச மாட்டாள். பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் அவனுக்குச் சுமை. முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் விஷயம். பரீட்சை சுற்றறிக்கையில் இதற்கெல்லாம் இடமில்லை என்று யாரோ சொன்னார்களாம். காலண்டர் அட்டைக்கு எதற்குச் சுற்றறிக்கை!

கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம், மூளையின் நடுவைத் தட்டி எழுப்புகிறோம் என்று சில வருஷங்களுக்கு முன் ஊர் ஊராகக் கடை போட்டார்களே, அவர்களிடம் யாரையும் அனுப்பிவிடாதீர்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிற வித்தை அது. கலர் கண்ணாடி போட்டால் படிப்பு வந்துவிடும் என்பதும் அப்படித்தான். மூளைதான் பார்க்கிறது என்ற உண்மையை வைத்துக்கொண்டு காசு பண்ணுகிறவர்களால்தான், அந்த உண்மையைச் சொல்ல வரும் எங்களைப் போன்றவர்களையும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் என்ன லாபம் என்று ஓர் அலுவலர் என்னிடம் கேட்டார். ஹியூபல், வீசல் என்ற மூளை ஆராய்ச்சியாளர்கள் இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது, இளம் பருவத்தில் கண் பார்க்காமல் போனால் மூளையின் பார்வைப் பகுதியே வேறு மாதிரி அமைந்துவிடுகிறது என்று காட்டிய வேலைக்கும் சேர்த்துத்தான். சோம்பல் கண்ணுக்கு மறு கண்ணை மூடிப் பயிற்சி கொடுப்பது ஏழெட்டு வயதுக்குள் நன்றாகப் பலிக்கும் என்பது இதனால்தான். அதற்காக, வயது தாண்டிவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. பவன் சின்ஹா என்ற ஆராய்ச்சியாளர் வட இந்தியாவில் பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை செய்வித்துப் பார்த்தார். கட்டை அவிழ்த்தவுடன் அவர்களுக்கு உலகம் தெரியவில்லை. வண்ணத் துண்டுகள்தான் தெரிந்தன. கையில் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் போனதும் சொல்ல முடிந்தது. அதற்கு முன்னாலேயே அவர்களுக்கு உதவியது அசைவு. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற உருவங்களில் ஒன்று நகர்ந்தால், அது தனி என்று பிரித்துவிட்டார்கள்.

அதைப் படித்த மறுநாள் சமாதானபுரத்தில் ஒரு மஞ்சள் குடை வாங்கினேன். இப்போது நாலு மணிக்கு வாசலில், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை விரித்துத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐஸ் வண்டிக்காரர் முதலில் சிரித்தார். இப்போது நான் வரப் பிந்தினால் அவரே அதை வாங்கி ஆட்டத் தயாராக இருக்கிறார். பேரன் கேட்டைத் தாண்டும்போதே கையைக் காட்டிவிடுகிறான்.

பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய மாவட்டம் இது. விரலால் படிக்கக் கற்றுக்கொடுத்த ஊருக்கு, அட்டையின் பின்பக்கம் ஆறு கேள்வி எழுதுவது பெரிய வேலை ஆகாது. ஜூனில் பள்ளி திறந்ததும் பீரோவிலிருந்து ஈ சார்ட்டை எடுப்பீர்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, விரலை ஆட்டிச் சோதிப்பது எப்படி என்று பழகிப் பார்க்க நினைக்கிற ஆசிரியர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். பேரன் சம்மதித்திருக்கிறான், ஒரு நிபந்தனையோடு: இட்லியை இலையில்தான் வைக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருத்தி,
அம்பாசமுத்திரம் வட்டாரம்